ஆறு கார்கள் ஓடிய பந்தயமும் ஐந்து புள்ளிகளும்



2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 தேதிகளில் தீவுத்திடலைச் சுற்றி இரவுக் கார் பந்தயம் நடந்ததிலிருந்து, நம் வளாகத்துப் பிள்ளைகள் வாயில் ஃபார்முலா ஃபோர், ஃபார்முலா ஒன் என்ற பேச்சு அடிக்கடி வருகிறது. மாலையில் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் நம்மைப் போன்ற பெரியவர்களும் அதில் சேர்ந்துகொள்கிறோம். பேச்சு சூடு பிடித்தால் நரேன் கார்த்திகேயன் பெயர் வராமல் இருக்காது. பெயர் வந்த கையோடு ஒரு கிண்டலும் வரும். "ஆறு கார் ஓடின ரேஸ்ல நாலாவது வந்தவர்தானே சார்?"

கிண்டலில் உள்ள இரண்டு எண்களும் சரி. ஆனால் வங்கியில் பேரேட்டோடு காலம் தள்ளியவனுக்கு ஒரு பழக்கம் போகாது. எண் சரியாக இருந்தால் மட்டும் திருப்தி வராது. அந்த எண் எந்த வவுச்சரை வைத்து எழுதப்பட்டது என்று பார்த்தால்தான் மனசு ஆறும். இந்த இதழில் அந்த வவுச்சரைத்தான் உங்கள் முன் விரித்து வைக்கிறேன். பார்த்துவிட்டு நீங்களே முடிவு சொல்லுங்கள்.

தேதி: 2005 ஜூன் 19, ஞாயிற்றுக்கிழமை. இடம்: அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் ஓட்டத்திடல். நிகழ்ச்சி: அந்த ஆண்டு ஃபார்முலா ஒன் உலகக் கோப்பைத் தொடரின் 19 பந்தயங்களில் ஒன்றான அமெரிக்க கிராண்ட் பிரீ. அங்கே பகல் 1 மணி என்றால் இங்கே இரவு பதினொன்றரை. 73 சுற்று, மொத்தம் சுமார் 306 கிலோமீட்டர். பத்து அணிகள், அணிக்கு இரண்டு என்று 20 கார்கள். எல்லாம் ஒற்றை இருக்கைக் கார்கள். ஓட்டுநர் ஒருவர் மட்டும் படுத்தாற்போல் உட்கார இடம். நான்கு சக்கரமும் மூடி இல்லாமல் வெளியே தெரியும்.

முதலில் நம் ஆள் அங்கே எப்படிப் போய்ச் சேர்ந்தார் என்று பார்ப்போம். நரேன் கோயம்புத்தூர்க்காரர், 1977 ஜனவரி 14 பொங்கல் சமயத்தில் பிறந்தவர். அப்பா ஜி.ஆர். கார்த்திகேயன் தேசிய ராலி சாம்பியனாக இருந்தவர். கோவையில் பஞ்சாலை, பம்புசெட், லேத் பட்டறை என்று இயந்திரத்தோடு புழங்கும் ஊருக்கே உரிய ஒரு துணிச்சல் உண்டு. அதே ஊரின் கரிவரதன், மாருதி 800 காரின் இன்ஜினை வைத்தே 'ஃபார்முலா மாருதி' என்ற ஒற்றை இருக்கைக் காரை உருவாக்கினார். அந்த வகைக் காரில்தான் நரேன் தன் முதல் பந்தயத்தை ஓட்டினார். ஓடிய இடம் நமக்கு ரொம்பத் தூரமில்லை. வண்டலூரில் வெளிவட்டச் சாலை ஏறி, நசரத்பேட்டையில் பெங்களூர் நெடுஞ்சாலையைப் பிடித்து மேற்கே போனால் வரும் இருங்காட்டுக்கோட்டை பந்தயத்தளம் அது. 1990-இல் அது வருவதற்கு முன்னால் சென்னைக்காரர்களுக்கு ரேஸ் என்றால் சோழவரம்தான். இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுபாதையில் கார்களும் மோட்டார் சைக்கிள்களும் சீறியதைப் பார்த்தவர்கள் நம் வளாகத்திலேயே இருக்கக்கூடும்.

நரேன் 1992-இல் பிரான்சில் எல்ஃப் வின்ஃபீல்ட் பந்தயப் பள்ளியில் பயிற்சி எடுத்தார். 1996-இல் ஃபார்முலா ஆசியா பட்டம் வென்றார். 2001-இல் ஜாகுவார் அணியின் ஃபார்முலா ஒன் காரைச் சோதனைக்காக ஓட்டினார். 2005 பிப்ரவரி 1 அன்று ஜோர்டன் அணி அவரை எடுத்துக்கொண்டதாக அறிவிப்பு வந்தது. இந்தியாவின் முதல் ஃபார்முலா ஒன் ஓட்டுநர் ஆனார். கரிவரதன் அதைப் பார்க்கவில்லை. 1995-இல் விமான விபத்தில் இறந்துவிட்டார்.

ஜோர்டன் அப்போது பணபலம் இல்லாத அணி. வரிசையின் கடைசியில் ஜோர்டன், அதற்கும் கீழே மினார்டி என்பதுதான் அந்த ஆண்டின் வழக்கமான நிலை. முதல் எட்டு இடத்துக்குத்தான் புள்ளி: 10, 8, 6, 5, 4, 3, 2, 1. அந்த எட்டுக்குள் ஜோர்டன் நுழைவது சாதாரண நாளில் நடக்காத காரியம். மலேசியாவில் நரேன் 11-ஆவதாக வந்ததே நல்ல ஓட்டம்.

இனி டயருக்கு வருவோம். கதையின் முடிச்சு அதில்தான் இருக்கிறது. முடிச்சூர், படப்பை வழியாக ஒரகடம் பக்கம் போகிறவர்களுக்கு அப்போலோ டயர் ஆலை தெரிந்திருக்கும். பிரான்சின் மிச்செலின் நிறுவனத்துக்கும் திருவள்ளூர் மாவட்டம் தேர்வாய்க்கண்டிகையில் ஆலை இருக்கிறது. டயர் என்பது வெறும் ரப்பர் வளையம் இல்லை என்று அங்கே வேலை பார்க்கும் பிள்ளைகள் உங்களுக்கு விளக்குவார்கள். உள்ளே நூல் அடுக்கு, எஃகுக் கம்பி, தரையைத் தொடும் பகுதி, பக்கச்சுவர் என்று ஒவ்வொன்றும் இத்தனை பாரம், இத்தனை வேகம், இத்தனை சூடு என்று கணக்குப் போட்டுச் செய்யப்படுவது. கணக்குக்கு வெளியே போனால் முதலில் கைவிடுவது பெரும்பாலும் பக்கச்சுவர்.

2005-இல் ஃபார்முலா ஒன்னுக்கு டயர் கொடுத்தவர்கள் இருவர். ஏழு அணிகளுக்கு மிச்செலின். ஃபெராரி, ஜோர்டன், மினார்டி மூன்றுக்கும் ஜப்பானின் பிரிட்ஜ்ஸ்டோன். அந்த ஆண்டு ஒரு புது விதியும் இருந்தது. தகுதிச் சுற்றில் போட்ட அதே நான்கு டயரோடுதான் பந்தயம் முழுவதையும் முடிக்க வேண்டும். டயர் சேதமானாலோ ஆபத்து என்றாலோ தவிர நடுவில் மாற்றக் கூடாது. எனவே நீடித்து உழைக்கும் டயர் யாரிடம் இருக்கிறதோ அவர்களுக்கே லாபம். அந்த ஆண்டு பெரும்பாலான பந்தயங்களில் லாபம் மிச்செலின் பக்கம். பிரிட்ஜ்ஸ்டோனில் ஓடிய மைக்கேல் ஷூமாக்கர், ஐந்து ஆண்டு தொடர்ந்து உலகச் சாம்பியனாக இருந்தவர், ஜூன் மாதம் வரை ஒரு பந்தயம்கூட ஜெயிக்கவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

இண்டியானாபொலிஸில் மட்டும் கணக்கு தலைகீழானது. அந்தத் திடல் அடிப்படையில் நீள்வட்டப் பாதை. ஃபார்முலா ஒன்னுக்காக உள்ளே வளைவுகள் போட்டு, நீள்வட்டத்தின் ஒரு பகுதியையும் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பகுதியில் இருந்த 13-ஆம் வளைவு, வெளிப்புறம் உயர்த்திச் சரிவாகக் கட்டப்பட்டது. கிணற்றுக்குள் மோட்டார் சைக்கிள் ஓட்டும் பொருட்காட்சி வித்தையை நினைத்துக்கொள்ளுங்கள். அந்த அளவு சரிவு இல்லையென்றாலும் தத்துவம் அதேதான். வேகத்தைக் குறைக்காமலே திரும்பலாம், ஆனால் பாரம் முழுக்க வெளிப்பக்க டயர்களை அழுத்தும். கார்கள் வலப்பக்கம் திரும்புவதால் அழுத்தம் முக்கியமாக இடது பின் டயருக்கு.

வெள்ளிக்கிழமைப் பயிற்சியில், டொயோட்டா அணியின் ரால்ஃப் ஷூமாக்கர் அந்த வளைவில் போகும்போது இடது பின் டயர் போய், கார் சுவரில் மோதியது. அவர் மைக்கேலின் தம்பி. இதை எல்லோரும் பதறிப்போய்ப் பார்த்ததற்குக் காரணம் உண்டு. முந்தைய ஆண்டு, 2004-இல், இதே பந்தயத்தில், இதே வளைவில் டயர் கெட்டு மோதி, முதுகெலும்பில் முறிவு ஏற்பட்டு ஆறு பந்தயங்களைத் தவறவிட்டவர் இதே ரால்ஃப். இந்த முறை பெரிய காயம் இல்லை; ஆனால் பந்தயத்தில் ஓடவில்லை. அவர் இடத்துக்கு ரிக்கார்டோ சோன்டா வந்தார்.

மிச்செலின் மற்ற கார்களின் டயர்களையும் பரிசோதித்தது. பல டயர்களில் அதே கோளாறின் அறிகுறி. பிரான்சிலிருந்து வேறு வகை டயர்களை விமானத்தில் வரவழைத்தார்கள்; அவையும் உதவவில்லை. பிரிட்ஜ்ஸ்டோனுக்கு இந்தத் தொல்லை வரவில்லை. அதே குழுமத்தின் ஃபயர்ஸ்டோன் டயர்கள்தான் அதே திடலில் மூன்று வாரங்களுக்கு முன் நடந்த இண்டி 500 பந்தயத்தில் ஓடியவை. அந்தத் தளத்தை அவர்களுக்கு அத்துப்படி.

மிச்செலின் இப்போது ஒரு காரியம் செய்தது. என்னைக் கேட்டால் இந்தக் கதையில் மெச்ச வேண்டிய காரியம் அது. பந்தயத்தை நடத்தும் உலகக் கூட்டமைப்பான எஃப்ஐஏவுக்குக் கடிதம் எழுதியது. 13-ஆம் வளைவில் வேகத்தைக் குறைக்காமல் எங்கள் டயர்களில் ஓடுவது பாதுகாப்பு என்று எங்களால் உறுதி தர முடியாது என்பது அதன் சாரம். ஒரு லட்சம் பேர் டிக்கெட் வாங்கி உட்காரப்போகும் இடத்தில், உலகமே பார்க்க, தன் சரக்கைத் தானே குறை சொல்லி எழுத்தில் கொடுப்பது எந்த நிறுவனத்துக்கும் எளிதல்ல.

அடுத்த பேச்சுவார்த்தை எப்படிப் போயிருக்கும் என்று உங்களால் ஊகிக்க முடியும். நம் பொதுக்குழுக் கூட்டங்களைப் பார்த்தவர்கள்தானே நீங்கள். மிச்செலின் அணிகள் கேட்டது: அந்த வளைவுக்கு முன்னால் தற்காலிகமாக ஒரு கோணல் திருப்பம் போடுங்கள், கார்கள் வேகம் குறைத்தே தீர வேண்டும், ஆபத்து நீங்கும். எங்களுக்குப் புள்ளிகூட வேண்டாம், பந்தயம் நடந்தால் போதும் என்றுகூடப் பேசப்பட்டதாக அப்போதைய மினார்டி உரிமையாளர் பால் ஸ்டாடர்ட் பின்னர் விவரம் வெளியிட்டார். ஒன்பது அணிகள் திருப்பத்துக்குச் சம்மதம். ஃபெராரி மட்டும் சேரவில்லை. சரியான டயரோடு வந்தவர்கள் நாங்கள், எங்களுக்கு ஏன் தளத்தை மாற்ற வேண்டும் என்பது அவர்கள் நியாயம்.

எஃப்ஐஏ மறுத்தது. அதற்கும் காரணம் இருந்தது. பரிசோதிக்காத ஒரு திருப்பத்தை ஒரே இரவில் போட்டு, அதில் யாராவது அடிபட்டால் பொறுப்பு யாருடையது? ஒரு தரப்பு தப்பான பொருளோடு வந்ததற்காக, சரியான பொருளோடு வந்த தரப்பு விட்டுக்கொடுக்க வேண்டுமா? அதற்குப் பதிலாக வேறு வழிகளைக் காட்டியது. அந்த வளைவில் மட்டும் மெதுவாகப் போங்கள். அல்லது பாதுகாப்புக் காரணம் சொல்லி டயரை அவ்வப்போது மாற்றுங்கள். அல்லது ஒவ்வொரு சுற்றும் பிட் பாதை வழியாகப் போங்கள். மற்ற ஆறு கார்கள் முழு வேகத்தில் பறக்கும் பாதையில் 14 கார்கள் மட்டும் மெதுவாகப் போவதே ஆபத்து என்று அணிகள் பதில் சொன்னன.

ஒவ்வொரு தரப்பின் கடிதத்தையும் தனித்தனியே படித்தால் குறை சொல்ல இடமில்லை. எல்லோர் கோப்பும் சுத்தம். எல்லாக் கடிதத்தையும் சேர்த்து வைத்தால் டிக்கெட் வாங்கியவருக்குப் பந்தயம் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை. 20 கார்களும் வரிசையில் நின்றன. முதல் இடத்தில் டொயோட்டாவின் யார்னோ ட்ரூல்லி. பந்தயத்துக்கு முன் எல்லோரும் வரிசையாக ஒரு சுற்று வருவது வழக்கம், வந்தார்கள். சுற்று முடிந்து தொடக்க வரிசைக்குத் திரும்ப வேண்டிய இடத்தில், மிச்செலின் கார்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பிட் பாதைக்குள் திரும்பின. 14 கார்கள். கல்யாணப் பந்தியில் இலை போட்டு உட்கார்ந்தபின் பாதிக்கு மேல் எழுந்து போனால் எப்படி இருக்கும்? தொடக்க வரிசையில் நின்றவை ஆறு. முன்னால் இரண்டு ஃபெராரி. ரொம்பப் பின்னால், காலி இடங்களுக்கு அப்பால், இரண்டு ஜோர்டன், இரண்டு மினார்டி.

கூட்டம் கொதித்தது. கூச்சல் போட்டார்கள், தளத்தில் பாட்டில்கள் வந்து விழுந்தன, நிறையப் பேர் பாதியில் எழுந்து போனார்கள். அந்தக் கூச்சலுக்கு நடுவே ஆறு பேர் 73 சுற்றை ஓட்டி முடிக்க வேண்டியிருந்தது.

இப்போது வவுச்சரின் முக்கியமான வரிக்கு வருகிறோம். தகுதிச் சுற்றில் நரேனுக்குக் கிடைத்தது 19-ஆவது இடம். அவருக்கு முன்னால் 17-இல் அதே ஜோர்டன் அணியின் டியாகோ மான்டெய்ரோ, 18-இல் மினார்டியின் கிறிஸ்டியன் ஆல்பர்ஸ். பின்னால் 20-இல் மினார்டியின் பேட்ரிக் ஃப்ரீசாக்கர். ஆறு காரில் அவர் நின்றது ஐந்தாவதாக. முடிவு இதோ: 1. மைக்கேல் ஷூமாக்கர், 2. ரூபன்ஸ் பாரிச்செல்லோ, 3. மான்டெய்ரோ, 4. நரேன் கார்த்திகேயன், 5. ஆல்பர்ஸ், 6. ஃப்ரீசாக்கர். தனக்கு முன்னால் நின்ற ஆல்பர்ஸை நரேன் பின்னுக்குத் தள்ளினார். ஃபெராரிகள் 73 சுற்று முடித்தபோது ஜோர்டன்கள் 72, மினார்டிகள் 71. அதாவது நேரடிப் போட்டியாளர்களைவிட ஒரு முழுச் சுற்று முன்னால். நான்காம் இடத்துக்கு ஐந்து புள்ளி. சும்மா நின்றிருந்தால் கிடைத்திருக்கக்கூடியது நான்குதான்.

இதில் இன்னொரு விஷயமும் உண்டு. ஜோர்டனும் மினார்டியும்கூட வெளியேறுவதாகத்தான் பேச்சு இருந்தது. கடைசி நேரத்தில் ஜோர்டன் ஓடுவது என்று முடிவெடுத்தது. அதன்பின் மினார்டியும் ஓடியது. ஓட்டுநருக்கு அதில் தேர்வு இல்லை. அணி ஓடு என்றால் ஓட வேண்டும். கூட்டம் கூச்சல் போட்டாலும், நாளை ஊரில் கிண்டல் செய்வார்கள் என்று தெரிந்தாலும். ஓடாத 14 பேரும் கோழைகள் அல்லர். அவர்களின் டயர் ஆபத்தானது. ஓடாமல் போனதுதான் சரி. ஓடிய ஆறு பேரும் திருடர்கள் அல்லர். அவர்களின் டயர் நல்ல டயர், ஓடியதுதான் சரி. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்ல மனசு வராததால்தான் 'ஆறில் நாலாவது' என்ற கிண்டல் பிறக்கிறது.

எதிர்ப்பக்க வாதத்தையும் எழுதிவிடுகிறேன். அந்த 19 பந்தயத் தொடரில் நரேனின் மொத்தப் புள்ளி ஐந்து. ஐந்தும் அந்த ஒரே நாளில் வந்தவை. ஷூமாக்கருக்கே அந்த ஆண்டு கிடைத்த ஒரே வெற்றி இதுதான். மேடையில் அவரும் பாரிச்செல்லோவும் அடக்கமாகவே நின்றார்கள், மூன்றாவது வந்த மான்டெய்ரோ மட்டும் மனசாரக் கொண்டாடினார். எல்லா 20 கார்களும் ஓடியிருந்தால் ஜோர்டனுக்குப் புள்ளி கிடைத்திருக்குமா என்றால், கிடைத்திருக்காது என்றுதான் நானும் சொல்வேன். ஆனால் கணக்கில் 'நடந்திருந்தால்' என்று ஒரு தலைப்பு கிடையாது. வந்தவர்கள் ஓடினார்கள், முடித்தார்கள், பதிவானது. அதே ஆண்டு ஜப்பானில் தகுதிச் சுற்றில் அதே காரை 11-ஆவது இடத்துக்குக் கொண்டுபோனவர் அவர் என்பதையும் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

பிறகு என்ன நடந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். மிச்செலின், பந்தயத்துக்கு வந்தவர்களின் டிக்கெட் பணத்தைத் திருப்பித் தருவதாக அறிவித்தது. அடுத்த ஆண்டுப் பந்தயத்துக்கு 20,000 டிக்கெட்டுகளை வாங்கி, 2005-இல் ஏமாந்தவர்களுக்குக் கொடுக்கவும் முன்வந்தது. எஃப்ஐஏ ஏழு அணிகள் மீது விசாரணை நடத்தி ஜூன் மாத இறுதியில் இரண்டு குற்றச்சாட்டுகளில் குற்றவாளிகள் என்றது. ஜூலை 22-இல் அதையும் ரத்து செய்தது. பந்தயத்தின் நடுவே டயர் மாற்றக் கூடாது என்ற விதி 2006-இல் போய்விட்டது. 2006 முடிவில் மிச்செலினும் ஃபார்முலா ஒன்னைவிட்டு வெளியேறியது. இண்டியானாபொலிஸில் 2007-உடன் ஃபார்முலா ஒன் நின்றது. மறுபடி அமெரிக்காவுக்கு வர 2012 ஆனது, அதுவும் டெக்சஸில் வேறு தளத்தில். ஜோர்டன் அணி கைமாறிக் கைமாறி 2008-இல் விஜய் மல்லையாவின் ஃபோர்ஸ் இந்தியா ஆனது. மல்லையாவும் ஒரு காலத்தில் சோழவரத்தில் கார் ஓட்டியவர்தான்.

வெள்ளிக்கிழமை டயர் போனதிலிருந்து ஞாயிறு பகல் வரை ஏறக்குறைய 48 மணி நேரம் இருந்தது. அதற்குள் ஒரு முடிவு எட்டியிருந்தால் ஒரு லட்சம் பேர் வெறுங்கையோடு வீடு திரும்பியிருக்க மாட்டார்கள். தீவுத்திடல் பந்தயத்தில் அந்தச் சனிக்கிழமை எஃப்ஐஏ பாதுகாப்புச் சான்று வரும்வரை ஓட்டம் மணிக்கணக்கில் தள்ளிப்போனபோது, பலர் சலித்துக்கொண்டதை நீங்களும் கேட்டிருப்பீர்கள். சான்றுக்குக் காத்திருந்ததில் எனக்குக் குறையில்லை. நம் லிஃப்ட் பராமரிப்பு ஆள் 'இன்னைக்கு ஓட்டாதீங்க சார்' என்று பலகை மாட்டினால் நாமும் ஆறு மாடி ஏறத்தான் செய்கிறோம். ஆனால் அந்தப் பலகையை யார் எப்போது எடுப்பது என்று பேசி முடிக்கும் பொறுப்பும் யாருக்காவது இருக்க வேண்டும். இண்டியானாபொலிஸில் அந்த ஒருவர் இல்லை.

நரேன் 2011 அக்டோபர் 30-இல் நொய்டா பக்கத்துத் தளத்தில் நடந்த முதல் இந்திய கிராண்ட் பிரீயிலும் ஓடினார்; 17-ஆவது இடம். நம் சென்னையின் கருண் சந்தோக் 2010-லும் 2011-லும் ஃபார்முலா ஒன்னில் ஓடினார், புள்ளி கிடைக்கவில்லை. அதன்பின் வேறு இந்தியர் யாரும் அந்த வரிசையில் நிற்கவில்லை. ஆகவே மாலையில் பெஞ்சில் யாராவது ஒரு பையன், "தாத்தா, இந்தியர் யாராவது ஃபார்முலா ஒன்ல பாயின்ட் எடுத்திருக்காங்களா?" என்று கேட்டால் தயங்காமல் சொல்லுங்கள்: ஒரே ஒருவர், கோயம்புத்தூர்க்காரர், ஐந்து புள்ளி. ஆறு கார் கதையையும் சேர்த்தே சொல்லுங்கள். ஐந்தாவதாக நின்று நாலாவதாக வந்தார் என்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.